கடலுக்குள் இறங்கிய மல்லிகா அக்கா

மல்லிகா அக்கா போய்விட்டாராம். காலையில் அவர் வீட்டுக்காரர் தங்கவேல் மாமா போன் செய்தார். தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது...

அருள்புரத்தில் நாங்கள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அக்காதான் செக்கிங் சூப்பர்வைசர். பழுதான பனியனை ரிஜெக்ட் என்று தள்ளுவதா, ஆல்ட்ரேஷன் என்று சரிசெய்ய அனுப்புவதா என்று முடிவு செய்வது அவர்தான். நான் பேக்கிங்.

சின்ன வயதில் போலியோ வந்து அக்காவுக்கு இடது கால் சூம்பிப்போனது. காலைத் தாங்க இரும்புக் காலிபர் மாட்டித்தான் நடப்பார். அந்தச் சத்தம் கேட்டாலே செக்கிங் டேபிளில் அரட்டை நின்றுவிடும்.

தொண்ணூறுகளில் ஒரு வருஷம், பெரிய எக்ஸ்போர்ட் ஆர்டர் முடிந்த சந்தோஷத்தில் முதலாளி ஸ்டாஃப் எல்லோரையும் அந்தமான் கூட்டிப்போனார். மாமாவும் வந்தார். கப்பலில் நான் வாந்தி எடுத்ததைப் பற்றி இங்கே வேண்டாம்.

அங்கே ஒரு தீவில் ஸ்கூபா டைவிங். முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போவது. யார் வருகிறீர்கள் என்று கேட்டதும் ஆம்பளைகள் எல்லோரும் தென்னைமரத்தைப் பார்த்தார்கள்.

அக்கா கை தூக்கினார்.

ட்ரெய்னர் இந்திக்காரர். அக்காவின் காலைப் பார்த்து, முடியாது என்று தலையாட்டிவிட்டார். "நோ மேடம். லெக் ப்ராப்ளம்."

அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் செக்கிங் டேபிள் இங்கிலீஷ்தான். காலைத் தட்டிக் காட்டிச் சொன்னார். "சார், திஸ் நாட் ரிஜெக்ட்டுங்க. ஒன்லி ஆல்ட்ரேஷன்!"

அந்த மனுஷனுக்கு என்ன புரிந்ததோ... சிரித்துவிட்டார். கரையோரமாக வைத்து வாயால் மூச்சுவிடப் பழக்கினார். அப்புறம் படகு.

அக்கா காலிபரைக் கழற்றி மாமாவிடம் கொடுத்தார். மாமா அதைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு முருகனைக் கூப்பிட ஆரம்பித்தார். சத்தமாக.

இறங்கின உடனே வில்லங்கம். சூம்பின கால் லேசு இல்லையா... அது மேலே மிதக்க, அக்கா தலைகீழாகக் கவிழ்ந்துவிட்டார். ட்ரெய்னர் பிடித்துத் தூக்குவதற்குள் மூக்கிலும் வாயிலும் உப்புத்தண்ணீர். இருமல் நிற்கவே இல்லை.

"போதும் புள்ளே! ஊட்டுக்குப் போயிரலாம்!" மாமா அழுதேவிட்டார்.

"சித்த சும்மா இருங்க. ஊடு எங்கயும் ஓடிப்போயிராது."

சொன்னார்தான்... குரல் நடுங்கியது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஆனால் ஏறவில்லை. ட்ரெய்னரிடம் காலைக் காட்டினார். "திஸ் லெக்குக்கு வெயிட் வேணுமுங்க சார். வெயிட்!"

அவர் ஒரு சின்ன ஈயக்கட்டியை எடுத்து அந்தக் கணுக்காலில் கட்டினார். கயிறு உறுத்தும் என்று மாமாவின் துண்டைக் கிழித்துத்தான் கட்டினார்கள்.

கண்ணாடியும் குழாயும் மாட்டியிருந்த அக்காவை நான் ஒரு போட்டோ எடுத்தேன். இந்த முறை நேராக இறங்கினார்.

மேலே வெறும் நீர்க்குமிழி. அது இந்தப் பக்கம் நகர்ந்தால் மாமாவும் படகில் இந்தப் பக்கம் நகர்ந்தார். அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம். படகே ஆட ஆரம்பித்துவிட்டது. படகுக்காரர் அவரைப் பிடித்து உட்கார வைத்தார்.

ஒருவழியாக அக்கா மேலே வந்தார். "என்னங்கக்கா பாத்தீங்க?" என்று எல்லோரும் மொய்த்துவிட்டோம்.

"ஒரு மீனு கண்ணு... மஞ்சளும் கறுப்புமா கோடு. ரெண்டு பக்கமும் ஸ்ட்ரைப் மேட்சிங் அத்தன கரெக்ட்டு!"

கரைக்கு வந்தபிறகு என்னிடம் மட்டும் சொன்னார். "கீழ யாரும் பேச முடியாதுல்ல கண்ணு... ஒருத்தருமே 'பாத்து, பாத்து'ன்னு சொல்லல. நல்லா இருந்துச்சு."

காலையில் மாமா போனை வைக்கும் முன் கேட்டார். "கண்ணு, அந்தக் கடல் போட்டோ உன்றகிட்ட இருக்குதா? ஃப்ளெக்ஸுக்கு வேணும்."

"அதுல அக்கா மூஞ்சியே தெரியாதுங்க மாமா. கண்ணாடியும் குழாயும்தான் தெரியும்."

"தெரியாட்டிப் போகுது. அதைத்தான் வெக்கோணும்னு அவ சொல்லீருக்கறா."

மதியம் பல்லடத்தில் எடுக்கிறார்கள். போட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வந்துட்டே இருக்கேனுங்க அக்கா...