மரமும் வண்டியும் உள்ள மாப்பிள்ளை

என் ஊரான எழுமலையில் மரம் என்றால் நிற்பது. பழங்காநத்தத்து மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, மரம் என்றால் படுத்துக் கிடப்பது. "மரம் வந்திருக்கா?" என்று கேட்டு வருகிறவருக்குத் தேக்குச் சட்டமோ வேங்கைப் பலகையோ வேண்டும். அதை மூன்று சக்கர சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்குவது என் வேலை. அந்த சைக்கிளுக்குக் கடையில் பேர், வண்டி. முதலாளியின் காருக்கும் அதே பேர்தான். "வண்டிய எடுப்பா" என்று அவர் சத்தம் கொடுத்தால் டிரைவரும் நானும் சேர்ந்தே எழுந்திருப்போம்.

ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான். எழுபதுகளின் கடைசியில் அம்மாவும் போய்ச் சேர்ந்தபின், கடைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் தனியாகக் கிடந்தேன். காய்ச்சல் வந்தால் யார் தண்ணீர் தருவார்கள், செத்துக் கிடந்தால் யாருக்குத் தெரியும் என்று ஏதாவது ஒரு பயம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு துணை வந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும் என்று நம்பினேன். ஒன்றுவிட்ட மாமா ஒருவர் பேரையூரில் பெண் பார்த்து வைத்திருந்தார்.

போன இடத்தில் மரியாதையாகப் பாய் விரித்தார்கள். காபி கொடுத்த பெண் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். டம்ளர் கைநழுவிவிடுமோ என்ற கவலையில் நான் அவளைச் சரியாகப் பார்க்கவில்லை. அவள் உள்ளே போனதும் அவளுடைய அப்பா ஆரம்பித்தார்.

"எம்புட்டு மரம் இருக்கும் மாப்ள?"

"லோடு வர்றதப் பொறுத்துங்க."

"காய்ப்பு எப்படி?"

எனக்கு விளங்கவில்லை. "காய்க்காதுங்க. எல்லாம் அறுத்த மரம்."

மாமா என் முழங்காலை அழுத்தினார். பெண்ணின் அப்பா அவர் பக்கம் திரும்பினார்.

"அப்ப தென்னந்தோப்பு?"

"தோப்புன்னு யாரு சொன்னா? மரம் இருக்குன்னுதானண்ணே சொன்னேன்."

"வண்டி இருக்குன்னீரே?"

பொய்யாகிவிடக் கூடாதே என்று நானே முந்திக்கொண்டேன். "இருக்குங்க. மூணு சக்கரம்."

சுவரோரம் சாய்ந்திருந்த பெரியவர் ஒருவர் கனைத்துக்கொண்டார். "மூணு சக்கரத்துல பிளசர் காரா? நாலாவது சக்கரத்தப் பொண்ணு வீட்ல போடணுமாக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னாலும் ஒரு சிரிப்பு கேட்டு, பட்டென்று நின்றது. அது அவள்தானா, கேலிதானா, இல்லை, அந்தக் குரலில் கொஞ்சம் இரக்கமும் இருந்ததா என்று திரும்பும் பஸ்ஸில் வழி முழுக்க யோசித்தேன். "அடுத்த எடத்துல பலகை, சைக்கிள்னு வெவரமாச் சொல்லிருவோம் மாப்ள" என்றார் மாமா. அப்படி விவரமாகச் சொன்ன இடத்திலிருந்தெல்லாம் யாரும் வரச் சொல்லவில்லை.

சில வருடங்கள் கழித்து அந்தக் கொட்டகையை இடித்தார்கள். நான் வாடகைக்கு அறை தேடினேன். டீக்கடைக்காரர் எனக்காக ஒரு வீட்டுக்காரம்மாவிடம் பேசினார்.

"நல்ல ஆளுக்கா. ஒண்டிக்கட்டை. ஒரு தொந்தரவும் இருக்காது."

"ஒண்டிக்கட்டைன்னா வேணாம்ப்பா. குடும்பங்க இருக்கிற எடம்."

கட்டையும் பலகையும் சுமந்து பிழைக்கிறவனுக்கு, அந்தச் சொல்லில் இருந்த கட்டை அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. அடுத்த தெருவிலும் விசாரிக்க வேண்டியிருந்தது. அங்கே என்னை என்னவென்று சொல்லிக்கொள்வது என்று யோசித்தபடியே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.