அடுத்தவள் ஆட்டில் ஒரு பொருத்தனை

மன்னிப்பைப் பத்தி எனக்கு யாரும் பிரசங்கம் பண்ண வேண்டாம். கோயில்ல முன்வரிசையில உட்கார்ந்துக்கிட்டு "மன்னிக்கணும், மன்னிக்கணும்"னு தலையாட்டுறவங்களை நான் நல்லாப் பார்த்தவ. அவங்களுக்கு மன்னிக்க வேண்டிய நிலைமை ஒருநாளும் வந்ததில்ல. மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலைமையில இருக்கிறவங்க அவங்க. அதான் அந்தப் பேச்சு மேல அவ்வளவு பிரியம்.

சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல நான் கொழுந்து பறிச்ச காலம் அது. மேல பங்களாவுல வெள்ளைக்காரத் துரை. கீழ லயத்துல நாங்க. எங்களைத் திருநெல்வேலிச் சீமையிலேருந்து மலையேத்திக் கூட்டிட்டு வந்தவர் எங்க கங்காணி. வேலைக்காட்டுல அவர் வச்சதுதான் சட்டம். ஞாயித்துக்கிழமையானா தகரக் கொட்டகைக் கோயில்ல அவரே சபை மூப்பர். வாரம் பூரா பிரம்பு பிடிச்ச கையிலதான் அன்னிக்குக் காணிக்கைப் பை இருக்கும்.

என் தங்கச்சி ஒரு பொம்பளைப் பிள்ளையைப் பெத்துப் போட்டுட்டு, ஜன்னி கண்டு செத்துப்போனா. அவ புருஷன் அதுக்கு முந்தியே காய்ச்சல்ல போயிட்டான். பிள்ளை என் மடிக்கு வந்துட்டு. எனக்கோ பிள்ளை குட்டி கிடையாது, மாரில பால் கிடையாது. இருந்தது ஒரு வெள்ளை ஆடு. அதோட குட்டியை நரி கொண்டு போயிட்டதால பால் அம்புட்டும் எங்க பிள்ளைக்குத்தான். விடியக்காலம் கறந்து காய்ச்சி, பாலாடையில ஊத்தி ஊத்திப் புகட்டுவேன். அஞ்சு மாசத்துல கையும் காலும் மடிப்பு மடிப்பா விழுந்து, பார்க்கிறவங்க கண்ணு படுற மாதிரி ஆயிட்டு.

அந்த வருஷம் கங்காணிக்கு மலைக்காய்ச்சல் வந்து, கம்பளிக்குள்ள கிடந்து நடுங்கினார். பிழைச்சு எந்திரிச்சா, பழுதில்லாத ஒரு வெள்ளை ஆட்டை ஆண்டவருக்குக் கொடுத்து சபைக்கே அசனம் போடுதேன்னு பொருத்தனை பண்ணிக்கிட்டார். நேர்த்திக்கடன்தான், வேறென்ன! கிறிஸ்து வேதத்துக்கு வந்து பேரை மாத்திக்கிட்டோம், அவ்வளவுதான். அசனம்னா சபை மொத்தமும் ஒரே பந்தியில உட்கார்ந்து சாப்பிடுறது. காய்ச்சலும் விட்டுச்சு. அவர் பட்டியில ஆட்டுக்கு என்ன பஞ்சமா? ஆனா எல்லாம் கறுப்பும் செவலையும். முழு வெள்ளையா அந்த மலையில இருந்தது என்னோடது ஒண்ணுதான்.

பலி கொடுக்கிற ஆடு பழுதற்றதா இருக்கணும்னு பழைய ஏற்பாட்டுல இருக்குல்ல, அதுக்கு எங்க ஆளுக கண்டுபிடிச்ச அர்த்தம் இதுதான். உடம்புல ஒரு கறுப்பு மயிர் இருக்கக்கூடாதாம், காதுல ஒரு கிழிசல் இருக்கக்கூடாதாம். அடேயப்பா, என்ன பக்தி! ஆடு யாரோடதுன்னு மட்டும் ஒருத்தரும் பார்க்கல.

நான் கொழுந்துக்காட்டு ஓரத்துல தொட்டில் கட்டிப் பிள்ளையைப் போட்டுட்டு வேலை செஞ்சுக்கிட்டிருந்தப்ப, கங்காணி ஆளை விட்டு ஆட்டை அவுத்துட்டுப் போயிட்டார். சாயங்காலம் வந்து பார்த்தா கோயில் முன்னால பந்தி நடக்குது, வேலியில என் ஆட்டுத் தோல் காயுது. எங்க உபதேசியார், பாதிரி ஐயர் இல்லாத நாள்ல ஜெபம் நடத்துறவர், ஒரு இலையைக் காட்டி, "வா தங்கச்சி, உனக்குத்தான் முதல் ஆசீர்வாதம். உன் ஆட்டை ஆண்டவர் தெரிஞ்செடுத்திருக்கார்"னார்.

"ஆண்டவரா தெரிஞ்செடுத்தார், கங்காணி அண்ணாச்சியா?"ன்னு கேட்டேன்.

கங்காணி எலும்பை உறிஞ்சிக்கிட்டே, "ஏட்டி, நல்ல காரியத்துல வந்து நாக்கை நீட்டாத. ஆண்டவருக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கப்படாது"ன்னார்.

"கொடுக்கிறவரு உம்ம ஆட்டையில்லா கொடுக்கணும்!"

பந்தியில ஒருத்தரும் தலை நிமிரல. கறி அவ்வளவு ருசி போல.

தியாகமாம் தியாகம், தூ! அந்த ஆட்டுல அவருக்கு ஒரு மயிராவது நஷ்டமா? நஷ்டம் யாருக்குன்னு மறுநாள் காலையிலயே தெரிஞ்சுட்டு. பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணியை வடிச்சுக் கொடுத்தேன், கேப்பைக் கூழைக் கரைச்சுக் கொடுத்தேன். எதுவும் வயித்துல தங்கல. பக்கத்து லயத்துல பிள்ளை பெத்தவ ஒருத்தி, தன் பிள்ளைக்குப் போக மிச்சமிருந்தா கூப்பிட்டுக் கொடுப்பா. அவளே அரை வயித்துக்காரி. எங்க பிள்ளைக்கு மடிப்பெல்லாம் வத்தி, தோல் தொங்கிப்போச்சு. முந்தியெல்லாம் பசிச்சா லயமே அதிர அழுவா. இப்ப அழுறதுக்கும் தெம்பில்லாம முனகினா.

கங்காணி வீட்டு வாசல்ல போய் நின்னேன். "அண்ணாச்சி, உம்ம பட்டியில பால் கறக்கிற ஆட்டுல ஒண்ணைத் தாரும். பிள்ளை பிழைச்சுக்கிடும். நான் அதோட வாயை மூடிக்கிடுதேன்"னேன்.

"பிள்ளையை ஆண்டவர் பார்த்துக்கிடுவார். நீ முதல்ல மனசுல இருக்கிற கசப்பை எடு"ன்னுட்டுக் கதவைச் சாத்தினார்.

துரை கோபப்பட்டா அது கண்டிப்பு. கங்காணி கோபப்பட்டா அது நிர்வாகம். நான் கோபப்பட்டா மட்டும் என்னைப் பிசாசு பிடிச்சிருக்காம்! லயம் முழுக்க அதே பேச்சு.

மூணு மாசத்துக்கு ஒருக்கத்தான் பாதிரி ஐயர் மலையேறி வந்து, அப்பமும் ரசமும் வச்சுத் திருவிருந்து கொடுப்பார். அதுக்கு முந்தின நாள் உபதேசியார் லயம் லயமாப் போய், சண்டையில இருக்கிறவங்களைச் சமாதானம் பண்ணி வைப்பார். அது எங்க சபை வழக்கம். என்கிட்ட வந்து, "கங்காணியை மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. இல்லேன்னா நீ திருவிருந்துப் பந்திக்கு வரப்படாது"ன்னார். சொல்லிட்டு, போகும்போது திரும்பி, "அப்பத்தை மட்டும் மறக்காமச் சுட்டுக் கொண்டாந்துரு, என்ன"ன்னார்.

திருவிருந்துக்கு அப்பம் சுடுறது எப்பவும் நான்தான். பங்களாச் சமையல்காரர்கிட்ட கோதுமை மாவு வாங்கி, புளிக்க வைக்காம, தட்டையாச் சுடுவேன். பாருங்க அநியாயத்தை! என் கை சுட்ட அப்பம் வேணும், அந்தக் கையை நீட்டி நான் வாங்கக்கூடாதாம். சரின்னேன். பதமாச் சுட்டேன்.

காலையில கோயில் நிரம்பிட்டு. ஐயர் அங்கி போட்டு நின்னார், அப்பத் தட்டோட நான் பக்கத்துல. சமாதானத்தோட இருக்கிறவங்க வந்து முழங்கால் படியிடலாம்னதும், முதல் ஆளாக் கங்காணி போய் முட்டி போட்டார், கண்ணை மூடிக்கிட்டு. ஐயர் அப்பத் தட்டுக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கல. ஒரு கையில தட்டு, இடுப்புல பிள்ளை, அப்படியே நின்னேன்.

"அய்யா, காணிக்கையை வச்சுட்டு முதல்ல போய், நம்ம மேல குறை இருக்கிற சகோதரனோட ஒப்புரவாகணும்னு போன தடவை நீங்கதானே வாசிச்சீங்க? குறை எனக்கு இவர் மேல. அப்ப நடந்து வர வேண்டியது இவரா, நானா? என் ஆட்டைத் தின்னுட்டு என்னையே மன்னிப்புக் கேட்கச் சொல்லாத குறைதான். பிள்ளையைப் பாருங்க, அய்யா!"

ஐயர் பிள்ளையைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். வெளியில ஏறுற வெயிலைப் பார்த்தார். அவர் நியாயத்துக்காக இறங்கினார்னு நான் சொல்ல மாட்டேன். மத்தியானத்துக்குள்ள அவர் அடுத்த தோட்டத்துக்குப் போய்ச் சேரணும், அப்பம் என் கையில இருக்கு. "கங்காணி, ஒரு கறவை ஆட்டைக் கொண்டுவரச் சொல்லும்"னார்.

கங்காணிக்கு மூஞ்சி செத்துப்போச்சு. ஆனா எந்திரிச்சாத் தோத்த மாதிரி ஆயிடுமே! முட்டி போட்டபடியே ஆளுக்குச் சைகை காட்டினார். செவலை ஆடு ஒண்ணு வந்துச்சு, மடி நிறைய. வாசல் தூண்ல கட்டி, கறந்த சூட்டோட, நிலைப்படியில உட்கார்ந்து புகட்ட ஆரம்பிச்சேன். அப்பத் தட்டு என் பக்கத்துலயே இருந்தது.

ஐயர் வந்து, "ஆடுதான் வந்துட்டே. இனி மன்னிச்சேன்னு சொல்லு, ஆராதனை நடக்கட்டும்"னார்.

"பிள்ளை குடிச்சு முடிக்கட்டும், அய்யா"ன்னேன்.

முன்னால முட்டி போட்டே கிடந்த கங்காணி, முழங்காலை மாத்தி மாத்தி ஊனிக்கிட்டிருந்தார். பிள்ளை நடுவுல நிறுத்தி என் முகத்தைப் பார்த்தா, மறுபடி வாயைத் திறந்தா. நான் அவளை அவசரப்படுத்தல.