வாயை மூடிப் படித்த பிள்ளை

பெரிய டீச்சர் சுட்டுவிரலை முதலில் தன் உதட்டில் வைப்பார். பிறகு அதே விரலைப் புத்தகத்தின் மேல் வைப்பார். வகுப்பு அடங்கிவிடும். மதியச் சாப்பாடு முடிந்து அடுத்த மணி அடிப்பதற்குள், பள்ளிக்கூடத்துப் பூவரச மரத்தடியில் ஓர் ஓலைப்பெட்டியைத் திறந்து வைப்பார். உள்ளே கதைப் புத்தகங்கள், பாதிக்கு மேல் அட்டை போனவை. யாருக்கு எது வேண்டுமோ எடுக்கலாம். பிடிக்காவிட்டால் போட்டுவிட்டு வேறொன்று எடுக்கலாம். சத்தம் மட்டும் வரக்கூடாது. உதடுகூட அசையக்கூடாது.

எங்கள் ஊரான புன்னைக்காயலில் அப்போது படிப்பு என்றாலே சத்தம்தான். கோயிலில் வாசிப்பதும் சத்தம், வீட்டில் செபம் சொல்லுவதும் சத்தம், வகுப்பில் எல்லாரும் சேர்ந்து பாடத்தைக் கத்துவது கடற்காற்றையும் மீறிக் கேட்கும். அதனால் வாயை மூடிப் படிக்கச் சொன்னது மற்றப் பிள்ளைகளுக்கு முதலில் தண்டனை மாதிரி இருந்தது. எனக்கு அப்படி இல்லை. எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொன்னால் குரலே எழும்பாத பிள்ளை நான். அந்த மரத்தடியில்தான் எனக்கு எழுத்து ஓடியது. படித்து முடித்தபின் டீச்சர் ஒன்றும் கேட்கவும் மாட்டார். ஒருவன் தானாகப் போய்க் கதையைச் சொல்லத் தொடங்கியபோது, "எனக்கு எதுக்குலே ஒப்பிக்க? படிச்சது உனக்குள்ள கெடக்கட்டும்" என்று அனுப்பிவிட்டார்.

எனக்கு ஒரு குழப்பம் இருந்தது. வாயை மூடிப் படிக்கும்போது உள்ளே ஒரு குரல் கேட்கிறதே, அது யாருடையது? என் குரல் மாதிரியும் இல்லை, அம்மாவுடையது மாதிரியும் இல்லை. எப்படியோ தைரியம் வந்து ஒருநாள் டீச்சரிடம் கேட்டேன். "எனக்கும் தெரியலளா. எனக்குள்ள கேக்கது எங்க சித்தி சத்தம் மாதிரி இருக்கும். அவ சரியான சண்டைக்காரி" என்று சொல்லிச் சிரித்தார். டீச்சருக்கே தெரியாத ஒன்று இருக்கிறது என்பது எனக்கு ஒருபக்கம் சந்தோஷமாகவும் ஒருபக்கம் பயமாகவும் இருந்தது.

ஐந்தாம் வகுப்பு முடியும் சமயம். ஆறாம் வகுப்பு என்றால் தூத்துக்குடியில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, அங்கேயே தங்கிப் படிக்க விடவேண்டும். அப்பா சரக்குத் தோணியில் கொழும்புக்குப் போகிறவர், எழுத்து அறியாதவர். அந்த முறை கரைக்கு வந்ததும், விடுவதா வேண்டாமா என்று பேச்சு நடந்தது. மற்ற பிள்ளைகள் படித்தால் தெருக்கோடி வரை கேட்கிறது, இவள் படித்து ஒரு சத்தமும் கேட்டதில்லை என்று அம்மா தன் சந்தேகத்தைச் சொன்னாள். சாயங்காலச் செபம் முடிந்ததும் அப்பா, புனிதர்களின் கதை சொல்லும் அர்ச்சிஷ்டவர்கள் சரித்திரப் புத்தகத்தை என் கையில் தந்தார்.

"படிளா, கேப்போம்."

படித்தேன். அந்தப் பக்கம் முழுவதும் படித்தேன். வெளியேதான் ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டு அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கருவாட்டுப் பானையப் பூனை பாக்க மாதிரில்லா புஸ்தகத்தைப் பாக்கா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "வரலன்னா விடு, பிள்ளை என்ன செய்யும்" என்று புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டார்.

செய்தி தெரிந்து மறுநாள் பெரிய டீச்சரே வீட்டுக்கு வந்தார். அப்பா எழுந்து நின்றார். வகுப்பிலேயே இவள்தான் நன்றாகப் படிக்கிறவள் என்று டீச்சர் சொன்னார். அப்பா பணிவாகத்தான் பதில் சொன்னார்: "நீங்க சொன்னா சரிதான் டீச்சர். ஒரே ஒரு வரி படிக்கச் சொல்லுங்க. காதால கேட்டுட்டா, நாளைக்கே கொண்டுபோய்ச் சேக்குதேன்."

டீச்சர் என்னைப் பார்த்தார். "படிக்கியாளா?"

நான் தலையை நிமிர்த்தவில்லை. அவர் மறுபடி கேட்கவில்லை. "அவ இஷ்டம்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

என் படிப்பு அத்தோடு நின்றது. ஆனால் டீச்சர் மாற்றலாகிப் போகும்வரை, கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டு ஜன்னலில் ஒரு புத்தகத்தை வைத்துவிட்டு, பழையதை எடுத்துக்கொண்டு போவார். படித்தாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை. இவ்வளவு அக்கறை உள்ளவர் அன்றைக்கு ஏன் ஓர் அதட்டல் போடவில்லை? தொடையில் ஒரு கிள்ளு கிள்ளியிருந்தால் குரல் வந்திருக்குமோ? அல்லது ஊரைவிட்டுப் போக எனக்கே மனம் இல்லை என்று என் முகத்தில் கண்டுகொண்டாரா? எனக்கு மனம் இருந்ததா என்று கேட்டால், சத்தியமாக எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒருநாள் இருந்தது என்று தோன்றும். மறுநாள் இல்லை என்று தோன்றும்.

இப்போது தூத்துக்குடியில் மகள் வீட்டில் இருக்கிறேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தி செல்போனைப் பார்த்து உரக்க வாசிக்கிறாள். சரியாக வாசித்தால் போன் அவளுக்கு நட்சத்திரம் தருகிறது. போன மாதம் அவள் பள்ளிக்கூடத்தில் வாசிப்பு நாள் என்று வீட்டுப் பெரியவர்களையும் அழைத்திருந்தார்கள். பாய் விரித்துப் புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்தேன். ஒரு நண்டும் கொக்கும் வருகிற கதை. முடிக்கப்போகும் நேரத்தில் அந்தச் சின்ன டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஆச்சி, படம் பாக்கீங்களா? நான் வாசிச்சுக் காட்டட்டா?"

"வேண்டாம்மா. படிச்சிட்டேன்" என்றேன். எனக்கே கேட்டதோ என்னவோ.

"அப்படியா? என்ன கதை ஆச்சி, சொல்லுங்க கேப்போம்."

கதை முழுவதும் உள்ளே இருந்தது. வாய்க்குத்தான் வரவில்லை. சின்ன டீச்சர் கோபப்படவில்லை, நல்ல பிள்ளை. என் கையை மெல்லத் தட்டிவிட்டு, புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து எனக்கு வாசித்துக் காட்டத் தொடங்கியது. நல்ல குரல். நானும் புதிதாகக் கேட்கிறவளைப்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அந்தப் பிள்ளைமேல் வருத்தம் இல்லை. அப்பா மேலும் இல்லை. பெரிய டீச்சர் மேல்தான் திடீரென்று கோபம் வந்தது, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. என்னை நம்பிய ஒரே ஆள் அவர். அவர்மேல் போய் ஏன் கோபம் வரவேண்டும்? அவர் இன்று உயிரோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தாலும் அன்றைக்கு ஏன் என்னை அதட்டவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. அவரும் என்னை ஒன்றும் கேட்கமாட்டார்.