நெடுந்தீவுப் பக்கம் மேலே

நான் ஒரு மடையன். வேலணையில் இருபது வருடம் கம்பியூட்டர் கடை நடத்தியவன் இதை இப்போது சொன்னால், பழைய வாடிக்கையாளர்கள் "இப்பதான் தெரிஞ்சதோ" என்பார்கள். பரவாயில்லை, இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காகச் சொல்லத்தான் வேண்டும்.

நாகராசா அண்ணை நெடுந்தீவுப் படகொன்றில் இஞ்சின் ஓட்டுபவர். வின்டோஸ் ஏறவில்லை என்று லப்டொப்பைக் கொண்டுவந்தார். படங்கள், மகள் பெரியவளான சாமத்தியவீட்டு வீடியோ, கடிதங்கள் எல்லாவற்றையும் கவனமாக கொப்பி எடுத்துவிட்டு ஃபோமட் பண்ணினேன். திரையையும் துடைத்துக் கொடுத்தேன். ஓரமாகப் பழைய கேம் ஃபோல்டர் ஒன்று கிடந்தது. குப்பையென்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் அண்ணை வந்து கதிரையில் இருந்தார். கத்தவில்லை.

"வீடியோ போனாலும் அல்பம் கிடக்கு. அந்தக் கேமுக்குள்ள என்ர ஆறு பேர் இருந்தவை, தம்பி. கடைசித் தட்டுக்கு இறங்கிற படியில நிண்டவை."

அது பாதாளச் சுரங்கக் கேம். ஆறு வீரர்களை உருவாக்கி, ஒன்றின்கீழ் ஒன்றாகப் பத்துத் தட்டு இறங்க வேண்டும். வழி காட்டாது. ஒவ்வொரு கட்டமாக நடந்து, வரைபடத்தை நாமே கீறிக்கொள்ள வேண்டும். நெடுந்தீவுப் படகு வெளிக்கிடும் குறிகட்டுவான் துறையில் ஆள் சேரக் காத்துக் கிடக்கும் நேரமெல்லாம், மூன்று வருடமாக அண்ணை அப்படித்தான் இறங்கியிருக்கிறார். இனி முதலிலிருந்து தொடங்கத் தன்னால் ஏலாது என்றார்.

ஒன்பதாம் தட்டுவரை நானே கொண்டுபோய்த் தருவதாக என் வாய் சொல்லிவிட்டது. அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, லப்டொப்பையும் கேம் சீடியையும் சதுரக்கோடு போட்ட மூன்று கொப்பிகளையும் தந்தார். கதவு, பொறிக்குழி, ஆளைச் சுழற்றிவிடும் கட்டம் எல்லாம் பென்சிலால் குறித்திருந்தார்.

வரைபடம் கையிலிருக்க என்ன கஷ்டம்? முதலாம் தட்டிலேயே ஆறு பேரும் செத்தார்கள். வேறு ஆறு பேரை, என் மச்சான்மாரின் பெயர்களை வைத்து இறக்கினேன். அவர்களும் போனார்கள். அதே பெயர்களோடு திரும்பத் திரும்ப இறக்கினேன். கதவு கீறிய இடத்தில் சுவர், வெறும் கட்டத்தில் குழி. அடுத்த தட்டுக்கு இறங்கும் படியை அடைந்தால்தான் சேமிக்க விடும், நான் அடைந்தால்தானே. ஒரு கிழமை போனது. எனக்குக் கோபம் வந்து அண்ணைக்கே போன் எடுத்தேன்.

"அண்ணை, உங்கட படம் பிழை."

இஞ்சின் சத்தத்துக்குள்ளால் கேட்டார்: "வடக்கை எங்க வைச்சனீர்?"

"மேலதான்."

"துறையால வெளிக்கிட்டா முன்னுக்கு என்ன? நெடுந்தீவு. அப்ப கொப்பியில மேற்குத்தானே மேல?"

பள்ளிக்கூடத்தில் வடக்கு மேலே என்று பாடமாக்கிய நான் கொப்பியைக் குறுக்கே திருப்பிப் பிடித்தேன். கதவெல்லாம் கதவிருந்த இடத்துக்கு வந்து நின்றன.

பிறகும் இரண்டு மாதம் எடுத்தது. ஏழாம் தட்டில் அண்ணை கீறாமல் விட்ட ஒரு மூலை இருந்தது. அதை நானே நடந்து கீறினேன். கோடு சுற்றி வந்து கோட்டோடு சேர்ந்தபோது, கடையில் காத்திருந்தவரிடம் கொப்பியைத் தூக்கிக் காட்டினேன். அவர் தன் பிரிண்டரைப் பற்றிக் கேட்டார்.

வேறு ஆளென்றால் தீவு முழுக்க என் பெயரை நாறடித்திருப்பார். அண்ணையோ, வேலணையில் இருக்கிறவன் பிழை விட்டால் ஒத்துக்கொள்ளுவான் என்று படகில் வருகிறவர்களுக்குச் சொல்லி அனுப்பினார். கடை நிலைத்தது அவரால்தான். ஃபோமட் பண்ண முன் "எது அழிஞ்சா அழுவியள்?" என்று கேட்கும் பழக்கமும் அன்றிலிருந்து வந்தது. நீங்களும் கேளுங்கள். ஃபோல்டரின் பெயரைப் பார்த்து ஆளின் மனதை அறிய ஏலாது.

லப்டொப்பைத் துறைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆறு பேரும் ஒன்பதாம் தட்டுப் படியில் உயிரோடு நின்றார்கள். அண்ணை ஒவ்வொருவராகத் திறந்து பார்த்தார். என் மச்சான்மாரின் பெயர்களை வாய்விட்டு வாசித்தார். பிறகு, கொப்பியில் ஒன்றுமே கீறாத பக்கத்தை விரித்தார். படகு வெளிக்கிட இன்னும் நேரம் இருந்தது. கடைசித் தட்டுக்கு நானும் பக்கத்தில் இருந்து பார்க்கட்டோ என்று மெல்லக் கேட்டேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பென்சில் கொண்டு வந்தனீரோ?"