மாயவனுக்கு வேண்டியிருந்த ஒரு கையெழுத்து

மாயவன் அண்ணனை நம்பி எழுதாத தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்களை வரிசையாக நிறுத்தினால், அது எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் தொடங்கி உடையார்பாளையம் வரைக்கும் போகும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், ஆனால் கொஞ்சம்தான்.

அவர் பழைய பைக், ஸ்கூட்டர் வாங்கி விற்பவர். ஒரு வண்டியின் பெயர் மாற வேண்டுமென்றால் ஆர்.டி.ஓ. ஆபீசில் இருபத்தொன்பது, முப்பது என்று இரண்டு படிவம் கொடுக்க வேண்டும். விற்பவர் இரண்டிலும் கையெழுத்தை மட்டும் போட்டு, வாங்குபவர் பெயர் வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போய்விடுவார். யார் கைக்கு வண்டி போகிறதோ, அவர் பெயரைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். ஊரில் எல்லாரும் செய்கிற வேலைதான். நம் கையெழுத்து யாரோ ஒருவர் பெட்டியில் காலித் தாளோடு கிடக்கிறது என்று யோசித்தால் எனக்குப் பயமாக இருக்கும். மாயவன் அண்ணனிடம் கொடுத்தவர்கள் யாரும் அப்படி யோசித்ததில்லை.

அந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை. தன் சரக்கைத் தானே குறை சொல்லும் வியாபாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "இந்த வண்டி வேணாங்க, ஆயில் குடிக்குது. நாளைக்கு என்னையத்தான் திட்டுவீங்க" என்பார். வந்தவர் இல்லை இதுதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிப் போவார். முந்திரிக் காட்டில் கூலி வேலை பார்த்தவரின் மகன் அவர். பதினாறு வயதில் ஜெயங்கொண்டத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்து, சத்தத்தை வைத்தே இஞ்சினின் கோளாறைச் சொல்லும் அளவுக்குத் தேறியவர். இப்போது வயது நாற்பத்தேழு. பதினான்கு வருடமாக மெயின் ரோட்டில் என் பெரியப்பா அரங்கநாதனின் காலி மனையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு வியாபாரம் பார்த்தார். மாதம் ஐந்தாம் தேதி வாடகை வீடு தேடிப் போய்விடும். இருவருக்கும் நடுவில் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

அந்தக் கொட்டகைக்கு எதிரில்தான் என்னுடைய ஆன்லைன் சென்டர். சான்றிதழ், பட்டா, லைசென்ஸ் என்று ஊரார் மனுக்களையெல்லாம் கணினியில் ஏற்றுவது என் பிழைப்பு. நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவது என் சொந்தக்காரர்களுக்குப் பிடிக்காது. "ஏன், மாயவன்னு கூப்டா வர மாட்டானா?" என்று ஓர் அத்தை கேட்டிருக்கிறாள். அத்தைக்கு வேறு வேலை இல்லை.

பிரச்சினை ஆண்டிமடத்து உண்ணாமலை டீச்சரின் ஸ்கூட்டரில் ஆரம்பித்தது. ஓய்வு பெற்ற பிறகு டீச்சர் அதை மாயவன் அண்ணனிடம் கொடுத்தார். அவர் அதை இன்னொருவருக்கு விற்றார். வாங்கிய ஆள் பெயர் மாற்றாமலே ஓட்டிக்கொண்டிருந்து, ஒரு சைக்கிள்காரர் மீது மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டான். நம்பரைத் தேடிய போலீஸ் டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றது. மாயவன் அண்ணன் மூன்று முறை டீச்சரோடு ஸ்டேஷனுக்கு அலைந்தார். கடைசியில் ஓட்டியவனைக் கண்டுபிடித்து அவரே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். டீச்சர் கோபப்படவில்லை. "உன்னைய நம்பித்தானப்பா போட்டேன்" என்று மட்டும் சொன்னாராம். திட்டியிருந்தால் மாயவன் அண்ணன் இரண்டு நாளில் மறந்திருப்பார். இந்த வார்த்தை அவரை ஒரு மாதம் சாப்பிட விடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் என் கடைக்கு வந்தார்.

"பாப்பா, பழைய வண்டி விக்கிறவங்களுக்கும் இப்ப ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சான்று குடுக்குறாங்களாமே?"

"ஆமாண்ணே. அங்கீகாரச் சான்று. வண்டி உங்க கைக்கு வந்ததும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா, அது வித்துப்போற வரைக்கும் பொறுப்பு உங்களுது. எது நடந்தாலும் உங்களத்தான் கேப்பாங்க."

யாராக இருந்தாலும் இதைக் கேட்டதும் பின்வாங்குவார்கள். அவர் முகம் தெளிந்துவிட்டது. "அதான் பாப்பா வேணும். பழி என் தலையில விழட்டும். நம்பிக் குடுத்தவங்க தலையில விழ வேணாம்" என்றார். அந்தச் சான்று வரும்வரை புதிதாக ஒரு வண்டியும் வாங்குவதில்லை என்றும் சொல்லிவிட்டார். அப்போது கொட்டகையில் பதினோரு வண்டிகள் நின்றன.

வேண்டிய தாள்களின் பட்டியலைப் படித்துக் காட்டினேன். எல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர. கடை இருக்கும் இடத்துக்கு அத்தாட்சி வேண்டும். சொந்த இடமென்றால் பட்டா, வாடகை இடமென்றால் உரிமையாளர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். "அவ்வளவுதானா? ஐயா போட்டுக் குடுத்துருவாரு" என்று சிரித்துக்கொண்டே போனார்.

பெரியப்பா இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் எதற்கும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "பாக்கலாம்" என்றார். ஆடி மாசத்தில் எழுத வேண்டாம், பாக்கலாம். மகன் சரத்குமார் சென்னையிலிருந்து வரட்டும், அவனைக் கேட்டுக்கொண்டு பாக்கலாம். சரத்குமார் வந்தான், நான்கு நாள் இருந்தான், போனான். தீபாவளி முடியட்டும், பாக்கலாம். கொட்டகையில் பதினோரு வண்டி ஏழாகி, ஏழு மூன்றாகிவிட்டது. மாயவன் அண்ணன் காலையில் வந்து அந்த மூன்றையும் துடைத்து வைத்துவிட்டு சும்மா உட்கார்ந்திருந்தார். எதிர்க் கடையில் இருந்து அதைப் பார்ப்பது எனக்குச் சகிக்கவில்லை.

நானே பெரியப்பாவிடம் போனேன்.

"பதினோரு மாச ஒப்பந்தந்தான் பெரியப்பா. எல்லாக் கடைக்கும் போடறதுதான."

"நான் அவனை எதாவது சொன்னனா? பதினாலு வருசமா இருக்கான், இன்னும் இருந்துட்டுப் போவட்டும். எழுதிக் குடுன்னா எப்புடி?"

"உங்க சரத்குமாரோட பைக்கை அவருகிட்ட வெத்துத் தாள்லதான கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க?"

"அது வேற, இது வேற." தெருவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு அவன் பேரு போட்டு போர்டு வைக்கணும்பான். நம்ம மனையில. நாலு பேரு என்னைய என்ன கேப்பான்? உனக்குச் சின்ன வயசு, இதெல்லாம் புரியாது."

எனக்குப் புரிந்தது. அதுதான் சங்கடம். மாயவன் அண்ணனின் கை சுத்தத்தில் பெரியப்பாவுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அவரிடம் எதையும் கொடுத்து வைக்கலாம். அவருக்கு எதையும் எழுதிக் கொடுக்கத்தான் கூடாது. திரும்பி வரும்போது அவ்வளவு ஆத்திரம் எனக்கு. ஆனால் கடை வாசலில் மாயவன் அண்ணன் காத்திருந்ததைப் பார்த்ததும், "பெரியப்பா ஊர்ல இல்லண்ணே" என்று பொய் சொன்னேன். நான் கிளம்புவதற்குச் சற்று முன்புதான் பெரியப்பா அதே ரோட்டில் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போயிருந்தார். மாயவன் அண்ணன் அதைப் பார்த்திருப்பார். "சரி பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்துக்கு அளவில்லை.

அதற்கடுத்த வாரம் அவருடைய மனைவி இருசம்மாள் வந்தார். முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை அவருக்கு. கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு தாளை, கறை படிந்துவிடுமோ என்று இரண்டு விரலால் நீட்டினார். அரசாங்கம் கொடுத்த மனைப் பட்டா. அவர் பெயரில் இருந்தது.

"வூட்டுக்கு முன்னாடி இடம் சும்மாத்தான் கெடக்கு. நான் எழுதிக் குடுத்தா செல்லுமா பாப்பா?"

செல்லும் என்றேன். பின்னாலேயே வந்த மாயவன் அண்ணன் வாசலில் நின்றபடி, "செல்லும். ஆனா அங்க யாரு வருவா?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவர் வீடு மெயின் ரோட்டிலிருந்து அரை கிலோமீட்டர் உள்ளே, மதுரைவீரன் கோயில் தெருவில் இருக்கிறது. அந்தத் தெருப் பெயரைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் வேறு விளக்கம் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆண்டிமடத்திலிருந்து பெரம்பலூர் வரை அவரிடம் வண்டி கொடுத்தவர்கள், வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் எல்லாருடைய வீட்டு வாசலையும் அவர் மிதித்திருக்கிறார். அவர்களில் ஒருவர்கூட அவர் வீட்டுக்கு வந்ததில்லை.

இருசம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தார். "கையெழுத்து வரைக்கும் ஒன்ன நம்புறாங்கல்ல? தெரு வரைக்கும் நம்புறாங்களான்னு அதையும் பாத்துடுவோம்."

மறுநாள் காலையில் மாயவன் அண்ணன் பான் கார்டு, போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மனுவை நான்தான் ஏற்றினேன். இங்கே நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். முகவரிக் கட்டத்தில் பட்டா எண்ணைப் போட்டேன், ஊர்ப் பெயரைப் போட்டேன், ஜெயங்கொண்டம் மெயின் ரோடு அருகில் என்று போட்டேன். தெருப் பெயரை விட்டுவிட்டேன். சான்று சுவரில் மாட்டப்படும், வருகிறவர்கள் படிப்பார்கள், எதற்கு அவர் வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்று நினைத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைப்பு. அனுப்புவதற்கு முன் அச்சடித்துக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"பாப்பா, தெரு பேரு விட்டுப்போச்சே."

"வேணும்னுதாண்ணே விட்டேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நான் பெரியப்பா ஊரில் இல்லை என்று சொன்னபோது பார்த்த அதே பார்வை. "போட்டுருங்க பாப்பா. வண்டி கொண்டாறவங்களுக்கு வழி தெரியணும்ல" என்றார். பெரியப்பா போர்டு வேண்டாம் என்றதற்கும் நான் தெருவை விட்டதற்கும் அதிக தூரம் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மதுரைவீரன் கோயில் தெரு என்று முழுசாக அடித்தேன். இரண்டு தடவை தப்பு வந்தது.

ஆபீசிலிருந்து ஒருவர் வந்து இடத்தைப் பார்த்தார், அளந்தார், குறை ஒன்றும் சொல்லவில்லை. தை மாதம் சான்று வந்தது, ஐந்து வருடத்துக்கு. மாயவன் அண்ணன் தகரக் கொட்டகையைப் பிரித்து எடுத்துப் போய் வீட்டுக்கு முன்னால் நிறுத்தினார். பெரிய போர்டு ஒன்றும் வைத்தார்.

முதல் ஒரு மாதம் ஈ ஆடவில்லை. பிறகு போன்கள் வந்தன. "மாயவா, வண்டியை மெயின் ரோட்டுக்குக் கொண்டாந்து காட்டேன்" என்று கேட்டார்கள். கொண்டுபோய்க் காட்டினார். அப்படியே அங்கேயே முடித்துவிடலாம் என்றவர்களிடம், "காட்டறதுக்கு எங்க வேணாலும் கொண்டாறேங்க. கையெழுத்துக்கு மட்டும் கடைக்கு வந்துருங்க" என்றார். விவரங்களைக் கணினியில் ஏற்றுவது என் கடையில்தான். அதற்கு முன்பு வண்டி கொடுப்பவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு தாள் வைத்திருந்தார். அதை மட்டும் வெளியே எடுத்து வருவதில்லை என்று பிடிவாதமாக இருந்தார். பாதிப் பேர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். மீதிப் பேர் ஒவ்வொருவராக வந்தார்கள். வியாபாரம் முன்பு போல் இல்லை. பட்டினியும் இல்லை.

பங்குனியில் என் ஸ்கூட்டரை மாற்ற வேண்டி வந்தது. எதிர்க் கடையாக இருந்திருந்தால் சாவியை எறிந்துவிட்டு வந்திருப்பேன். அன்றைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். எனக்கு முப்பத்தொரு வயது. பிறந்த ஊர் இது. அந்தத் தெருவுக்குள் போவது அதுதான் முதல் தடவை. ஊரிலுள்ள எல்லார் முகவரியையும் அடித்துக் கொடுப்பவள், இரண்டாவது திருப்பத்தில் வலப்பக்கமா இடப்பக்கமா என்று தெரியாமல் நின்றேன். தண்ணீர்க் குழாயடியில் நின்ற ஒரு பெண் கையைக் காட்டினாள்.

மாயவன் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். இருசம்மாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தாளில் என் பெயர், வண்டி நம்பர், தேதி, அவருடைய பெயர், கடை முகவரி எல்லாம் நிரப்பியிருந்தது. ஓர் இடம்கூடக் காலியாக இல்லை. நான் படிக்காமல் பேனாவை எடுத்ததும் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "படிச்சுட்டுப் போடுங்க பாப்பா. நம்பிக்கையில போடறதெல்லாம் இனிமே வேணாம்." முழுசாகப் படித்து, கையெழுத்துப் போட்டேன். இருசம்மாள் டீ கொடுத்தார்.

வண்டியை விட்டுவிட்டதால் நடந்துதான் வந்தேன். மெயின் ரோட்டு முனையில், காலியாகிவிட்ட தன் மனையில் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார்.

"அந்தத் தெருவுல இருந்தா வர? எதுக்குப் போன?"

"மாயவண்ணன் கடைக்கு. வண்டி குடுக்க."

"நீ எதுக்கும்மா அங்கல்லாம் போற? ஒரு போன் பண்ணுனா அவனே வந்துருவானே."

"வந்துருவாரு பெரியப்பா," என்றேன். "இத்தனை வருசமா அவருதான வந்துக்கிட்டிருக்காரு."