நாங்கள் தாண்டிய கிணற்றுக் கணக்கு

எழுபதைத் தாண்டிய பிறகு இயற்பியல் படிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. பரீட்சை கிடையாது. புரியாத பாடத்தில் ஒரு மாதம்கூட உட்கார்ந்திருக்கலாம், ஏனென்று கேட்க ஆள் இல்லை. நானும் என் தம்பியும் அப்படித்தான் படித்துக்கொண்டிருக்கிறோம். இந்த வயதில் எனக்குக் கிடைத்த நல்ல பொழுது எது என்றால் அந்த மதிய வேளைகளைத்தான் சொல்வேன். அதில் ஒரு கோடையை நான் கெடுத்தேன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது வரலாறு, முதுகலை வரை. தம்பி வணிகவியல் படித்து வங்கிக்குப் போனான். இருவருக்கும் வீடு திண்டுக்கல்லில். ரெட்டியார்சத்திரத்தைத் தாண்டிக் கன்னிவாடி போகும் பக்கத்தில் அப்பா விட்டுப்போன நிலம் இருக்கிறது. வேலையில் இருந்த காலமெல்லாம் அதைக் குத்தகைக்கு விட்டிருந்தோம். ஓய்வுக்குப் பிறகு ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டு நாங்களே இறங்கினோம். நான் கத்தரி போட்டேன். தம்பி மல்லிகை வைத்தான். பதியன் வைத்த நாளிலிருந்து அவனுக்கு வேறு பேச்சே இல்லை. வங்கியில் இருந்தவரை எண்ணியதெல்லாம் அடுத்தவர் சொத்து, இந்தச் செடிதான் தன்னுடையது என்பான்.

கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று. அப்பா இருக்கும்போதே முறை வைத்துவிட்டார். காலையில் மும்முனை மின்சாரம் வந்ததிலிருந்து நண்பகல் வரை எனக்கு, நண்பகலிலிருந்து மாலை வரை தம்பிக்கு. நேரம் இருவருக்கும் சமம். எங்கள் பக்கத்தில் கூட்டுக் கிணறு உள்ள குடும்பங்களில் மூத்தவனுக்குத்தான் முதல் முறை. அதை யாரும் சலுகையாக நினைப்பதில்லை. பந்தியில் பெரியவருக்கு முதலில் இலை போடுவது போல ஒரு மரியாதை, அவ்வளவுதான். நான் வேலையில் இருந்தபோது கிணற்றுத் தகராறு என்று யார் வந்தாலும் கடிகாரத்தைக் காட்டி, ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்று பிரித்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மணிக்கணக்கு சமமாக இருந்தால் நியாயமும் சமம் என்று முழுமனதாக நம்பினேன்.

ஓர் ஆடி மாதம் மோட்டார் எரிந்துபோனது. தூக்கிக்கொண்டு ஊருக்குள் காயில் கட்டும் கடைக்குப் போனோம்.

"வோல்ட்டேஜ் கம்மியா வந்துச்சா சார், இல்ல ஒரு பேஸ் போயிருச்சா?" என்று கேட்டார் கடைக்காரர்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் மோட்டாரைப் பார்த்தேன். கடைசியில் அவன், "கரண்டு வந்துச்சு" என்றான்.

"கரண்டு வந்ததுனாலதான சார் எரிஞ்சிருக்கு."

திரும்பி வரும்போது தம்பி, "அண்ணே, நாம ரெண்டு பேரும் எதுக்குண்ணே காலேஜுக்குப் போனோம்?" என்று கேட்டான்.

"உத்தியோகத்துக்கு."

"அப்பச் சரி."

அந்த வாரமே அவன் மகள் பள்ளியில் படித்த பிளஸ் ஒன், பிளஸ் டூ இயற்பியல் புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தான். என் முறை முடிந்து அவன் முறை தொடங்கும் அந்த இடைவேளையில், மோட்டார் அறையின் நிழலில் சாப்பிட்டுவிட்டு ஒரு பாடம். இதுதான் ஏற்பாடு.

மின்சாரத்தைத்தான் முதலில் எடுத்தோம், அவமானம் அங்கேதானே நடந்தது. மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றும் பிடிபட்டதும் தம்பி காயில் கடைக்குச் சும்மாவே ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வந்தான். பிறகு இயக்கவியல். நிலைமம் படித்த மறுநாள் பேருந்தில் ஓட்டுநர் பிரேக் போட, தம்பி நேராக ஓர் அம்மாளின் தக்காளிக் கூடையில் கையை ஊன்றினான்.

"நான் விழலம்மா. பஸ்ஸு நின்னுருச்சு, நான் போய்க்கிட்டே இருந்தேன்" என்று விளக்கினான்.

"போறவரு அங்கிட்டுப் போக வேண்டியதான? எங் கூடைக்குள்ளயா போவீக?" என்றார் அந்த அம்மாள்.

இறங்கும் வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அந்த ஆண்டு கார்த்திகை மழையில் கிணறு நிரம்பியது. மாசி வாக்கில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. அப்போது நாங்கள் வேலை, ஆற்றல், திறன் என்ற பாடத்துக்கு வந்திருந்தோம். மறுநாள் பாடத்தை முதல்நாள் மாலையே வீட்டில் படித்துவைப்பது என் வழக்கம். அண்ணன் என்ற கெத்துக்காகத்தான். பாடத்தின் கடைசியில் ஒரு கணக்கு இருந்தது. கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் மோட்டார் பற்றியது. எண்களைப் போட்டு விடையையும் கண்டுபிடித்தேன். பிறகு, நம் கிணற்றுக்கும் போட்டுப் பார்ப்போமே என்று தோன்றியது.

விஷயம் எளிது. ஒரு மோட்டார் ஒரு மணி நேரத்தில் செய்யக்கூடிய வேலைக்கு ஓர் அளவு உண்டு. தூக்கும் எடையையும் தூக்கும் உயரத்தையும் பெருக்கினால் வருவதுதான் வேலை. உயரம் கூடினால் எடை குறைந்தே ஆக வேண்டும். இரவெல்லாம் ஊறி ஏறிய தண்ணீரை நான் காலையில் முப்பது அடியிலிருந்து எடுத்தேன். நண்பகலில் நான் மோட்டாரை நிறுத்தும்போது அது அறுபது அடிக்குப் போயிருக்கும். தம்பியின் முறை அங்கிருந்துதான் தொடங்கியது. அதே மோட்டார், அதே மணிக்கணக்கு, ஆனால் நான் தொடங்கும்போது வந்ததில் புத்தகத்தின்படி பாதித் தண்ணீர்.

இதற்கு இயற்பியல் தேவையா என்று கேட்கலாம். எங்களுக்குத் தேவைப்பட்டது. தண்ணீர் கிணற்றிலிருந்து நேராகச் சொட்டுநீர்க் குழாய்க்குள் போய்விடும். வாய்க்காலில் ஓடினால் கண்ணில் பட்டிருக்கும், எங்கள் கண்ணில் பட்டது கடிகாரம் மட்டும்தான். இரண்டு பேருமே அலுவலகத்தில் நேரத்தைப் பார்த்து வாழ்ந்தவர்கள்.

மறுநாள் மதியம் தம்பி அந்தப் பக்கத்தைத் திருப்பி, "கெணத்துக் கணக்கு ஒண்ணு இருக்குண்ணே, போடுவமா?" என்றான்.

"அது பரீட்சைக்கு வராதுடா. தள்ளு."

அவன் சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். பேராசை என்று சொல்லிவிடலாம், ஆனால் காரணம் அதைவிடச் சின்னது. அந்த ஆண்டு என் கத்தரி நன்றாக வந்திருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "பெரியவருக்குக் கைராசி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாழ்க்கையில் என் கையெழுத்தைத் தேடி வந்திருக்கிறார்கள், என் கையைப் பாராட்டி யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அந்தச் சொல்லை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பங்குனியில் மல்லிகை மொட்டுகள் சிறுத்தன. எங்கள் தண்ணீரில் உப்பு அதிகம், சொட்டுநீர்த் துளைகளில் படிந்து அடைக்கும். அதுதான் காரணம் என்று தம்பி முடிவு செய்தான். வடிகட்டியை மாற்றினான். குழாய்க்குள் அமிலம் விட்டுக் கழுவினான். அப்படியும் சரியாகாமல், வெயிலில் குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொரு துளையாகக் குண்டூசியால் குத்திக்கொண்டிருந்தான். நானும் ஒரு குண்டூசியை எடுத்துக்கொண்டு பக்கத்து வரிசையில் உட்கார்ந்தேன்.

"ஒனக்கு முதுகு வலிக்கும்ணே, விடு."

"செத்த நேரம் பாக்குறேன்" என்றேன்.

துளைகள் எல்லாம் திறந்துதான் இருந்தன. அது தெரிந்தே குத்திக்கொண்டிருந்தேன். நான் செய்ததில் எனக்கு இன்றும் மிகவும் கூசுவது அந்த ஒரு மதியம்தான். சொல்லாமல் இருந்ததைக்கூட அதற்கு அடுத்ததாகத்தான் வைப்பேன்.

சித்திரையில் அவன் ஓரத்து வரிசைகளைப் பிடுங்கிப் போட்டான். இருக்கிற தண்ணீரில் மீதியாவது பிழைக்கட்டும் என்றான். வேரோடு வந்த செடிகளை வரப்பில் அடுக்கி வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு சாப்பிட வந்தான். அன்று அவன் வீட்டிலிருந்து சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வந்த வெஞ்சனம் சுண்டவற்றல். அவனுக்கு அது உயிர், அன்று தொடவில்லை.

"அண்ணே, நான் விட்டுறலாம்னு இருக்கேன்" என்றான்.

"எத?"

"தோட்டத்தத்தான். திரும்பவும் குத்தகைக்கே விட்டுர்றேன். எனக்கு மண்ணு ஒத்துவரல. ஒனக்கு வருது, கைராசி இருக்கு. எல்லாருக்குமா வரும்? நான் வீட்ல இருந்துக்கிறேன். பாடத்த நீ மட்டும் படி."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லிச் சமாளித்திருப்பேன். தன் மேலேயே குறையைப் போட்டுக்கொண்டு சொன்னான். நான் கையைக் கழுவிவிட்டுப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்தேன்.

"இந்தக் கணக்கப் போடு."

"பரீட்சைக்கு வராதுன்ன?"

"வந்துருச்சு. போடு."

போட்டான். வங்கிக்காரன், என்னைவிட வேகமாகப் போட்டான். விடையைச் சொன்னான்.

"இப்ப அந்த ஒயரத்த எடுத்துட்டு முப்பதுன்னு வையி. அப்புறம் அறுபதுன்னு வையி."

முப்பது வைத்தான். அறுபது வைத்தான். பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தான். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். அவன் திரும்பி வந்து நின்றபடியே கேட்டான்.

"இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மாசில."

"குண்டூசி வச்சுக் குத்துனயே, அப்பத் தெரியுமா?"

"தெரியும்."

அவன் மோட்டாரைப் போட்டுவிட்டு மல்லிகைப் பக்கம் போய்விட்டான். மாலையில் பேருந்திலும் வேறு இருக்கையில் உட்கார்ந்துகொண்டான்.

நாலைந்து நாள் அவன் தோட்டத்துக்கே வரவில்லை. அவன் செடிகளுக்கும் நானே மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் விட்டேன். முறையை மாற்றி, காலையில் மல்லிகைக்கு, மதியம் கத்தரிக்கு. மதியத்தில் தனியாகச் சாப்பிட்டேன். புத்தகத்தைத் திறக்கவே இல்லை. படிப்பு எனக்கு அவ்வளவு முக்கியமில்லை, பக்கத்தில் அவன் இருந்ததுதான் முக்கியம் என்று அப்போது தெரிந்தது.

பிறகு ஒரு நாள் காலையில், ஸ்கூட்டரில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்மைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். பின்னால் அவன் மனைவியும் வந்திருந்தாள்.

"செய்முறை செஞ்சு பாக்காம நான் எதையும் ஒத்துக்க மாட்டேன்" என்றான். அந்த நாட்களுக்குப் பிறகு என்னிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது.

குழாயைக் கழற்றி டிரம்மில் விட்டு, கைபேசியில் நேரம் பார்த்தான். காலையில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை. நண்பகலில் டிரம் நிறைய ஒன்றரை மடங்கு நேரம் ஆனது. புத்தகம் இரண்டு மடங்கு என்றிருந்தது. மீதி எங்கே போனது என்று அவன் வங்கியில் தேடுவது போல இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். குழாயின் உராய்வு, பம்பின் பயனுறுதிறன் என்று நான் சொல்வதெல்லாம் அவனுக்குப் போதவில்லை. ஆனால் திசையில் சந்தேகம் இல்லை.

அவன் மனைவி டிரம்மைக் கவிழ்த்துக்கொண்டே கேட்டாள். "மாமா, தாசில்தாரா இருக்கைல எத்தன கெணத்துக்குத் தீர்ப்புச் சொன்னீக?"

"நெறையத்தான்மா."

"அம்புட்டும் மணிக்கணக்குத்தானா?"

"ஆமா."

"வெளங்கும்" என்றாள்.

எனக்கு அது உறைத்தது. எந்தெந்த ஊர், யார் யார் என்பதெல்லாம் இப்போது நினைவில் இல்லை. மதிய முறையை வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போன தம்பிமார்களின் முகங்கள் மட்டும் சில ஞாபகத்துக்கு வருகின்றன. அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு வழியில்லை.

எங்கள் கிணற்றுக்கு வழி இருந்தது. ஒரு வாரம் காலை முறை எனக்கு, அடுத்த வாரம் அவனுக்கு. இவ்வளவுதான் தேவைப்பட்டது. அப்பா வைத்த முறையை மாற்றுவதா என்று என் மனைவி முகத்தைச் சுளித்தாள். அப்பா இயற்பியல் படிக்கவில்லை என்றேன்.

வெப்ப இயக்கவியல் பாடத்தில் மீளா நிகழ்வு என்று ஒரு பகுதி வரும். எடுத்துக்காட்டு சொல் என்றேன். தம்பி தன் டம்ளரைக் காட்டி, "சூடான டீ ஆறும். ஆறுன டீ தானாச் சுடாது" என்றான். கொஞ்சம் பொறுத்து, வரப்பைப் பார்த்தபடி, "பிடுங்குன செடியும் அப்படித்தாண்ணே" என்றான். குத்திக் காட்டும் குரலில் சொல்லவில்லை. நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

அந்த ஓரத்து வரிசைகளில் அவன் இப்போது புதிய பதியன் வைத்திருக்கிறான். பூவுக்கு இன்னும் காலம் இருக்கிறது. மீதிச் செடிகள் தேறிவிட்டன. மார்க்கெட்டுக்குப் போகும் முன் ஒரு கை பூ என் வீட்டுக்கு வந்துவிடுகிறது. என் கத்தரி சுமாராகத்தான் இருக்கிறது, கைராசி என்று யாரும் சொல்வதில்லை. இந்த வாரம் மதிய முறை எனக்கு. குழாயைக் கழற்றிப் பார்த்தால் தண்ணீர் கொஞ்சம் மெலிந்துதான் வரும் என்று தெரியும். அதனால் கழற்றிப் பார்ப்பதில்லை. சாப்பிட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

இப்போது அலைகள் என்ற பாடம் நடக்கிறது. புத்தகம் அவனிடம்தான் இருக்கும், என் கையில் தருவதில்லை. முதல்நாளே படித்துவைக்கும் என் வழக்கமும் அதோடு போயிற்று. விரலை நாக்கில் தொட்டு, இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் அவன் அடுத்த பக்கத்தைத் திருப்புகிறான். நான் அவசரப்படுத்துவதில்லை.