மூக்கண்ணன் போட்ட நான்கு கையெழுத்து

அந்தக் கப்பலில் இரண்டாயிரம் பயணிகள், எண்ணூறு வேலைக்காரர்கள். இத்தனை பேரில் பெயரெடுத்த மூக்கு ஒன்றே ஒன்று. அதற்குச் சொந்தக்காரர் ஆறாம் தளத்தில் இருபது அறைகளைப் பெருக்கித் துடைத்து, படுக்கை விரித்து, குளியலறை கழுவும் அறைப் பணியாளர். கூட வேலை செய்கிறவர்களுக்கு அவர் மூக்கண்ணன். மேற்பார்வை பார்க்கும் பெரியக்காவுக்கு வெறும் மூக்கு. அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

கப்பலில் புகை என்றால் விளையாட்டில்லை. வீடு தீப்பிடித்தால் தெருவுக்கு ஓடலாம், நடுக்கடலில் எங்கே ஓடுவது? அதனால் சட்டம் கறாரானது. அறைக்குள் புகைக்கக் கூடாது, அறையை ஒட்டிய பால்கனியிலும் கூடாது. ஏழாம் தளத்தின் பின்பக்கம், இடது ஓரத்தில் அதற்கென்று ஓர் இடம் உண்டு. சிகரெட்டோ சுருட்டோ பேட்டரியில் ஆவி விடும் புதுச் சமாச்சாரமோ, எதுவானாலும் அங்கேதான். சிகரெட் துண்டைக் கடலில் வீசவும் கூடாது. காற்று அதைக் கடலுக்குக் கொடுக்காது, கீழ்த்தளத்தில் யாரோ காயப்போட்ட துணிக்குத்தான் கொடுக்கும். இதையெல்லாம் மீறினால் அடுத்த துறைமுகத்தில் பெட்டி படுக்கையோடு இறக்கிவிடுவார்கள். அப்புறம் ஊர் போய்ச் சேர்வது உங்கள் சமர்த்து. மீறுகிறவர்களை அறை வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுகிற மூக்கு மூக்கண்ணனுடையது.

"இது புகையே இல்லப்பா, வெறும் ஆவி" என்று வாதாட வாரத்துக்கு நாலு பேர் வருவார்கள். ஒரு புது மாப்பிள்ளை அறைக்குள் மாம்பழ வாசனையில் ஆவி விட்டுவிட்டு, பழம் சாப்பிட்டதாகச் சாதித்தான். மூக்கண்ணன் பணிவாகக் குப்பைக்கூடையைக் கவிழ்த்தார். "தோலையும் காணோம், கொட்டையையும் காணோம். முழுசாவா சார் முழுங்கினீங்க?" புதுப்பெண் சிரித்த சிரிப்பில் மாப்பிள்ளை ஒளித்துவைத்திருந்ததைத் தானே எடுத்து நீட்டிவிட்டான்.

இப்படிப்பட்ட மூக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் செத்துப்போயிருந்தது. அது அவருக்கு மட்டுமே தெரியும்.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் மனைவி காபி கொடுத்தாள். "வெந்நீர்ல சர்க்கரையைப் போட்டுக் குடுக்கறியே" என்றார். "கப்பல்காரருக்கு வீட்டுக் காபி இறங்குமா?" என்று அவள் நொடித்துவிட்டுப் போனாள். அவர் அடுக்களைக்குப் போய்க் காபிப் பொடி டப்பாவைத் திறந்து மோந்தார். பூண்டை நசுக்கி மோந்தார். ஒன்றுமில்லை. கப்பலுக்குக் கிளம்பிய அன்று, ஐந்து வயது மகளின் உச்சந்தலையில் முகத்தை வைத்தார். எட்டு மாதம் கடலில் இருக்கிறவருக்கு அந்த வாசனைதான் கட்டுச்சோறு. அன்றைக்கு அதுவும் வரவில்லை. பிள்ளையை இறுக்கிக்கொண்டு அழுதார். பிரிவுத் துயரம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

கப்பலில் வாயைத் திறக்கவில்லை. படுக்கை விரிக்கக் கை போதும், மூக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அதே கேள்விதான். ஆனால் பெயரெடுத்த மனிதனுக்குப் பெயர் போவது உயிர் போகிற மாதிரி. கண்ணை வைத்தே சமாளித்தார். கதவிடுக்கில் ஈரத் துண்டு செருகியிருக்கிறதா, புகை காட்டும் கருவிக்குக் குளியல் தொப்பி மாட்டியிருக்கிறதா, தண்ணீர் குடிக்கும் தம்ளரின் அடியில் சாம்பல் சேறு இருக்கிறதா என்று பார்ப்பார். பார்த்துவிட்டுத் தினசரித் தாளில் 'வாடை' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அறைப் பணியாளர் நின்று நாலு மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டுப் போடவேண்டிய கையெழுத்து அது.

இந்தப் பயணத்தில், நடைக்கோடியில் இருந்த அறைக்கு ஓர் அம்மா தனியாக வந்திருந்தார். முப்பது வருஷம் சைக்கிளில் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். இருவருக்கான அறை அது. டிக்கெட் எடுத்தது கணவர். எடுத்த மறுமாதம் நெஞ்சுவலியில் போய்விட்டார், நான்கு மாதம் ஆகிறது.

"நாலு பக்கமும் தண்ணியா இருக்கணும், கரையே தெரியக் கூடாது, அங்க நிக்கணும்னு அவருக்கு ஆசை தம்பி" என்று முதல் நாளே சொன்னார். "இன்னும் ஒன்பது நாள்ல அந்த இடம் வருமாம். அவருக்குப் பதிலா நான் நின்னுட்டு வந்துடறேன்."

படுக்கையை மட்டும் அவர் தொடவிடவில்லை. "நானே விரிச்சுக்கறேன், உங்களுக்கு ஆயிரம் வேலை." எவ்வளவு நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டு மூக்கண்ணன் நான்கு நாளும் 'வாடை இல்லை' என்று எழுதிப்போட்டார்.

ஐந்தாம் நாள் காலை, குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று பார்க்கப் பெரியக்கா அந்த அறைக்குள் நுழைந்தார். நுழைந்தவர் குழாயைப் பார்க்கவே இல்லை. அடுத்த ஐந்தாவது நிமிடம் கப்பலின் காவல் அதிகாரி அங்கே நின்றார். அதற்கடுத்த நிமிடம் மூக்கண்ணனுக்கு அழைப்பு.

"சிகரெட் நாத்தம் அடிக்குது" என்றார் பெரியக்கா. "இந்தம்மா பிடிக்கவே இல்லைங்கறாங்க. நாலு நாளும் நீ இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கே. என் மூக்கு கெட்டுப்போச்சா, இல்ல நீ இவங்களுக்கு வக்காலத்தா?"

காவல் அதிகாரி நிதானமாகப் பேசினார். "நாளைக்குக் காலையில துறைமுகம். பிடிச்சிருந்தா இறக்கித்தான் ஆகணும். அண்ணே, உங்க மூக்குக்கு மேல இந்தக் கப்பல்ல அப்பீல் இல்லை. நீங்க இல்லைன்னா இல்லை. சொல்லுங்க."

தபால்காரம்மா கட்டிலோரமாக நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

மூக்கண்ணன் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். வெறும் காற்று. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த அம்மாளும் தப்பிப்பார், தானும் தப்பிக்கலாம். நிஜமாகவே ஜன்னலோரம் நின்று பிடித்திருந்தால்? திரைச்சீலையில் ஒரு பொறி விழுந்தால்? மேலும் கீழும் தூங்குகிற இரண்டாயிரம் பேருக்கு யார் பதில் சொல்வது? பிடித்தார்கள் என்று சொல்லலாமா? அதுவும் தெரியாது. தெரியாத ஒன்றைச் சொல்லி ஒரு பெண்பிள்ளையை முன்பின் தெரியாத ஊரில் பெட்டியோடு நிறுத்துவதா?

"அக்கா, எனக்குத் தெரியலை" என்றார்.

"என்ன தெரியலை?"

"எந்த வாசனையும் தெரியலைக்கா. மூணு மாசமாச்சு. காய்ச்சல்ல போனது திரும்பி வரலை. நாலு கையெழுத்தும் பொய்க் கையெழுத்து. இந்தம்மா பிடிச்சாங்களான்னு எனக்குத் தெரியாது. என் பொண்ணு தலை வாசனையே தெரியலைக்கா. வீட்ல கூட சொல்லலை. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பெரியக்கா திறந்த வாயை மூடிக்கொண்டார்.

தபால்காரம்மா குனிந்தார். தலையணைக்கு அடியில் கைவிட்டு ஒரு சட்டையை எடுத்தார். ஆண்பிள்ளைச் சட்டை, கசங்கி, கழுத்துப்பட்டையில் அழுக்கேறி. அதைப் பெரியக்காவின் கையில் கொடுத்தார்.

"எங்க வீட்டுக்காரர் கடைசியாப் போட்ட சட்டை. ஒரு நாளைக்கு மூணு பாக்கெட் ஊதுவார். எத்தனையோ சண்டை போட்டிருக்கேன், இந்த நாத்தத்தோட பக்கத்துல வராதேன்னு. இப்ப இது இல்லைன்னா தூக்கம் வரமாட்டேங்குது." பிறகு மூக்கண்ணன் பக்கம் திரும்பினார். "செத்தவர் அழுக்குச் சட்டையைக் கட்டிக்கிட்டுத் தூங்கறாள்னு நாலு பேர் சிரிக்கறதுக்கு, இறங்கியே போயிடலாம்னு இருந்தேன் தம்பி. நீங்க உங்களோடதைச் சொன்னீங்க. எனக்கு மட்டும் என்ன மானம்?"

பெரியக்கா சட்டையை முகத்தருகே கொண்டுபோனார். மெல்ல மடித்துத் திருப்பிக் கொடுத்தார். காவல் அதிகாரி எழுதிவைத்திருந்த தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, "மன்னிச்சுடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதோடு விட்டுவிடப் பெரியக்கா என்ன அசடா? நடையில் வைத்து மூக்கண்ணனைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். "நெருப்பு விஷயத்துல பொய்க் கையெழுத்தா? மூணு மாசமாடா? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா கடிச்சா தின்னுடுவேன்? முதல்ல டாக்டரைப் பாரு. அப்புறம் வீட்டுக்குப் போன் பண்ணி உன் பொண்டாட்டிகிட்ட அழு." திட்டிக்கொண்டே முந்தானை இல்லாத சீருடையில் கண்ணைத் துடைக்க இடம் தேடினார், பாவம். அன்றே அறை வேலையிலிருந்து அவரை எடுத்து, ஏழாம் தளத்துப் புகைக்கும் இடத்தில் போட்டார். சாம்பல் கிண்ணம் கழுவுவது, நாற்காலி துடைப்பது, துண்டைக் கடலில் எறியப்போகிறவர்களைத் தடுப்பது. மூக்கே தேவைப்படாத வேலை.

மூக்கண்ணன் வீட்டுக்குப் போன் செய்தார். மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதான் காபியைக் குறை சொன்னீங்களா?" என்றாள். அப்புறம் அவளும் அழுதாள்.

பத்தாம் நாள் பிற்பகல். நாலு பக்கமும் தண்ணீர், கரை என்று ஒன்று உலகத்தில் இருந்த அடையாளமே இல்லை. புகைக்கும் இடத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். படியேறி வந்த தபால்காரம்மாவைப் பார்த்து மூக்கண்ணன் ஓடிவந்தார்.

"இங்க எதுக்கும்மா வந்தீங்க? புகை மண்டுற இடம்."

"அந்தச் சட்டைல இப்ப என் எண்ணெய் வாசனைதான் வருது தம்பி" என்றார் அவர். "உப்புக் காத்து வேற. அவரோடது போயிடுச்சு. நேத்து ராத்திரி பூரா தேடிப் பார்த்தேன்."

மூக்கண்ணன் எச்சிலை விரலில் தொட்டுக் காற்றில் நீட்டிப் பார்த்தார். கடைசி மூலையில் ஒரு நாற்காலி உண்டு. எல்லோருடைய புகையும் அங்கேதான் போய்ச் சேரும் என்பதால் புகைப்பவர்களே உட்கார மாட்டார்கள். அதைத் துடைத்து, கடலைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். தபால்காரம்மா உட்கார்ந்தார்.

பக்கத்திலிருந்த ஆள் மரியாதை தெரிந்தவர். பெண்பிள்ளை, அதுவும் கையில் சிகரெட் இல்லாதவர் வந்து உட்கார்ந்ததும், அப்போதுதான் பற்றவைத்த சிகரெட்டைக் கிண்ணத்தில் நசுக்கப் போனார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கையை இறக்கினார்கள்.

"அணைக்காதீங்க" என்றார் தபால்காரம்மா. "புண்ணியமாப் போகும், யாரும் அணைக்காதீங்க."